கொசு பிடித்த ருக்குமணி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ருக்குமணியைப் பழிகாரி என்கிறார்கள். சொல்லட்டும். அவள் பழி வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்து மனம் குளிர்ந்தவளும் நான்தான்.

ருக்குமணி பைராம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பொழுது சாயும்போது கைலியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, காலில் வந்து அமரும் கொசுவை அது கடிப்பதற்குள் கண்ணாடிக் குழாயில் பிடிப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. முந்திக்கொண்டு கடித்தவை எத்தனையோ. இரண்டு முறை டிங்கிக் காய்ச்சலில் படுத்து எழுந்தாள்.

ஒருநாள் யாரும் பார்த்திராத கொசு ஒன்று அகப்பட்டது. தோட்டத்து மூலையில் மிஞ்சியிருந்த பழைய ரப்பர் மரத்தின் பொந்துத் தண்ணீரில்தான் அது வளர்கிறது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். லேபிளில் மட்டும் "பிடித்தவர்: டாக்டர் புவனேஸ்வரன்" என்று அடிக்கச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்த பாவி நான். அவள் ஆய்வுக்கூடத் தலைவரான அவரிடமே போய்க் கேட்டாள்.

"லேபிள் சின்னதுலா அக்கா, ரெண்டு பேருக்கு இடமில்ல" என்றார் டாக்டர்.

அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். ஜார்ஜ்டவுனில் மண்டபம் மண்டபமாகப் போய், வெள்ளைக்காரன் காலத்து விஞ்ஞானத்தில் பெயரே இல்லாமல் போன நம் கூலிகளைப் பற்றிப் பேசுவார். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்.

அப்படி ஒரு கூட்டத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து நூருல் ஹுதா என்ற கொசு நிபுணர் வந்திருந்தார். ஒரே ஒரு கொசுவை வைத்துப் புது இனம் என்று ஒப்புக்கொள்ள முடியாது, பிடித்த இடத்தைக் காட்டினால் இன்னும் நாலு பிடித்துப் பார்க்கலாம் என்றார். டாக்டர் திரும்பி, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ருக்குமணியை இடத்தைச் சொல்லச் சொன்னார்.

"எனக்கென்ன டாக்டர் தெரியும்? நீங்க பிடிச்ச கொசு. நீங்களே காட்டுங்கலா."

எல்லாருக்கும் புரியட்டும் என்று அதையே மலாயிலும் சொன்னாள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

எட்டு மாதம் அவர் தோட்டமெல்லாம் அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. புது இனம் என்ற பேச்சே அடங்கிப்போனது.

போன மார்ச்சில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நடுவதற்காக அந்த மூலையைச் சுத்தம் செய்தார்கள். ரப்பர் மரமும் போய்விட்டது. எனக்கே மனசு கேட்கவில்லை. மரத்தைப் பற்றி முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே, அந்தக் கொசு வேறெங்குமே இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன்.

"வெட்டுறப்போ நான் அங்கதான் நின்னேன், ஷர்மினி."

பார்க்கக் கஷ்டமாக இல்லையா என்றேன்.

"இல்ல" என்றாள். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு."