வண்ணம் அடிக்காத ஹெல்மெட்

தேர்வாய் கண்டிகையில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த கம்பெனியில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒல்லியான உடம்பு. இடது கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும். குழாய் ஒழுகலை அடைக்கும் பசையை உருட்டி, விரல்கணு உயரத்துக்குப் பொம்மை செய்வார். அது காய்ந்ததும் அந்த நகத்திலேயே பெயின்ட்டைக் குழைத்து, சாப்பாட்டு நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டுவார். பொம்மைகள் எல்லாம் எங்கள் கம்பெனி ஆட்கள்தான். என் பொம்மையில் சட்டைப்பைப் பேனாவைக்கூட விடவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், நிரந்தர ஆட்களுக்கு வெள்ளை. பொம்மைகளுக்கும் அப்படியே. அவர் தன்னையே செய்திருந்த பொம்மையின் ஹெல்மெட் மட்டும் வெறும் பசை நிறத்தில் இருந்தது.

"இத மட்டும் ஏண்ணே வுட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"பர்மனென்ட் பண்றோம்னு சொல்லிக்கினே கீறாங்க சார். இப்போ மஞ்சள அடிச்சிட்டு, அப்பால அது மேல வெள்ள அடிச்சா மஞ்சள் தெரியும்."

ஒன்பது வருடம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஒருநாள் ஒப்பந்தம் முடிந்தது, நாளையோடு சரி என்றார்கள். மறுநாள் மாலை அவருடைய ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டவன் நான்தான். அவர் போனபின் பார்த்தால் என் மேசையில் அந்தப் பொம்மை. ஹெல்மெட்டை பிளேடால் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முடியைத் தீட்டியிருந்தார்.

ஹெல்மெட்டை வாங்கும்போது அதன் நம்பரைத்தான் பார்த்தேன். அவருக்கு அவ்வளவு நரைத்திருந்ததைப் பொம்மையில்தான் பார்த்தேன்.