கேட்காமல் போட்ட படம்

பசறை நகரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆட்கள் தேடி வரவேண்டும் என்று, நன்றாக வந்த படங்களை பேஸ்புக்கில் போடுவேன். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க வந்த ஒரு பெண்ணின் முகம் படத்தில் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. அவளிடம் கேட்காமலே, கடைப் பெயருடன் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஓர் ஆள் வந்து, போனில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது என் சம்சாரம். எங்க இருக்கான்னு சொல்லுங்க."

அவர் கேட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் விலாசம் எழுதிய புத்தகம் மேசைமேல் திறந்தே கிடந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "தெரியாதுங்க" என்றேன். மதியம்வரை அவர் எதிர்க்கடை வாசலிலேயே நின்றார்.

படத்தை நீக்கிவிட்டு அவளுக்குப் போன் செய்து, அந்த ஆள் வந்ததைச் சொன்னேன்.

"அடி தாங்காமத்தான் எங்க அக்கா வீட்டுக்கு ஓடி வந்தேன். ஏண்ணே போட்டீங்க?" என்று அழுதாள்.

அன்றே அவளுடைய அக்கா அவளைக் கூட்டிப்போய் பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டு, வேறு ஊருக்கு அனுப்பிவைத்தார். அந்த ஆள் பிறகு வரவில்லை. ஆனாலும் கடைக்கு முன்னால் பஸ் நிற்கும்போதெல்லாம், இறங்குபவர்களில் அவரைத் தேடுகிறேன்.

இப்போது எழுத்தில் சம்மதம் வாங்காமல் யார் படத்தையும் போடுவதில்லை. வேண்டாம் என்பவர்களிடம் காரணம் கேட்பதுமில்லை.