எலிச் சீட்டில் மார்லிஸின் முகம்

டுலூத் நகரத்தில் லைலின் சீட்டுக் கடைக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும். ஈர பூட்ஸ் நாற்றத்தையும் பொரித்த சீஸ் நாற்றத்தையும் கூடச் சகித்துக்கொள்வேன். மேஜைக்கு மேஜை கிடக்கும் மார்லிஸின் முகத்தைத்தான் சகிக்க முடியாது.

மார்லிஸ் ஹாகன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஞாயிறானால் எங்களோடு சீட்டாட வருவாள்; ரம்மி இல்லை, அவரவர் கட்டிலிருந்து பிராணிகளையும் மந்திரங்களையும் இறக்கி எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைக் குறைக்கிற ஆட்டம். குளிர்காலப் போட்டியில் வெல்பவருக்கு எங்கள் கடையில் ஒரு மரியாதை உண்டு. கடை இலவசமாகத் தரும் டோக்கன் அட்டைகளில் அந்த வருஷம் என்ன படம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். டோக்கன் சீட்டுக்கட்டில் சேராது. ஏதாவது ஒரு சீட்டு எலிகளைப் பெற்றுப்போட்டால், அந்த எலிகளுக்காக மேஜையில் பரப்பி வைக்கிற அட்டை, அவ்வளவுதான்.

போன வருஷம் வென்றவன் கர்ட். அவளை விட்டுப் போன கணவன். வாய் பிளந்து, எச்சில் ஒழுகத் தூங்கும் மார்லிஸின் புகைப்படத்தை எலி டோக்கனுக்குக் கொடுத்தான் அந்தப் பாவி. பக்கத்தில் படுத்திருந்தவனைத் தவிர வேறு யார் எடுத்திருக்க முடியும் அந்தப் படத்தை? லைல் கூசாமல் அச்சடித்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

இந்த வருஷமும் தான் வென்றால் போடுவதற்கு, இதைவிட நல்ல படம் தன் போனில் இருப்பதாகக் கர்ட் சொல்லித் திரிந்தான்.

போட்டிக்கு முந்தின நாள் உணவகத்தில் மார்லிஸ் தன் மாற்றுச் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் ஆட்டம் முடிந்ததும், எதிராளிக்கு ஏற்றபடி கட்டுக்குள் மாற்றிக்கொள்ளத் தனியே வைத்திருக்கும் சீட்டுகள் அவை. எலிக்கூட்டத்துக்கு எதிராக எல்லோரும் வைப்பது நெருப்புச் சீட்டு; மேஜையில் இருப்பதையெல்லாம் கொன்றுவிடும். அதையே நானும் சொன்னேன்.

"கொல்லக் கூடாது. ஒவ்வொரு எலி சாகும்போதும் என் உயிர்ல ஒண்ணு குறையற மாதிரி கர்ட் கட்டு வச்சிருக்கான்" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் கத்தினதையெல்லாம் ஊருக்குச் சொல்லி அனுதாபம் வாங்கினவன். அடி வாங்கி லாபம் பாக்கிறவன் அவன். அவனை அடிக்கவே கூடாது."

அவள் எடுத்தது வெள்ளம் என்ற சீட்டு. மேஜையில் இருக்கிற எல்லாப் பிராணிகளும் உடையவர் கைக்குத் திரும்ப வேண்டும். நிஜச் சீட்டுகள் திரும்பும். டோக்கனுக்குத் திரும்பப் போக இடமில்லை. சாகாமலே இல்லாமல் போய்விடும்.

உன்னுடையதும் கைக்கு வந்துவிடுமே என்றேன்.

"வரட்டுமே. எனக்கு மறுபடி ஆரம்பிச்சுப் பழக்கம்தான்."

இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிரே கர்ட்டேதான் உட்கார்ந்தான். சீஸ் பொரியின் ஆரஞ்சுத் தூள் அப்பிய விரலை நக்கி, அதே விரலால் அவள் முகங்களை ஒவ்வொன்றாக முன்னே தள்ளினான்.

"பாரு மார்லிஸ், நீயே உன்னைக் கடிக்க வர்றே."

சுற்றி நின்றவர்கள் இளித்தார்கள். முதல் ஆட்டம் அவனுக்கு.

இரண்டாவதில் மேஜை நிறைய எலிகள். அவள் நெருப்பு போடுவாள் என்று கர்ட் ஆவலாகக் காத்திருந்தான். அவள் வெள்ளத்தைப் போட்டாள். அவன் எடுத்துப் படித்தான். லைலைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான். பிறகு எலிகளையெல்லாம் ஓரமாக ஒதுக்கினான். ஒன்றுகூடச் சாகவில்லை, அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த ஆட்டம் அவளுக்கு. மூன்றாவதிலும் வெள்ளம் வந்தது; போட்டியே அவளுடையதாயிற்று.

போன வருஷம் சிரித்த அதே வாய்கள், கர்ட்டின் படத்தைப் போடு என்றன. மீன்பிடிக் குடிசையில் ஜட்டியோடு போதையில் கிடக்கும் கர்ட்டை ஒருவன் போனில் நீட்டினான். கர்ட்டின் முகம் வெளுத்தது.

மார்லிஸ் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எலின்னுதானே போட்டிருக்கு, லைல்? எலிப் படமே போடு."

பிறகு கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, குப்பைக்கூடையை மேஜையோரம் பிடித்து, தூள் அப்பிய தன் முகங்களை அதற்குள் வழித்துத் தள்ளினாள். வெறுங்கையால் ஒன்றைக்கூடத் தொடவில்லை.