ஒரே வரியில் அடக்கியது

என் மனைவி ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். அளவெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். ஒருத்தர் 'முக்கால் கை' என்பார், இன்னொருத்தர் '3/4' என்று போடுவார். அந்த மெசேஜ்களைப் படித்து, கை, கழுத்து, இடுப்பு என்று பிரித்துக் காட்ட கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வரி. அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போகும். ஆனால் புதிதாக ஒரு வார்த்தை வந்தால், அவளே மேல் வரியைக் காப்பி செய்து வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்வாள். முதல் தடவை அது வேலை செய்தபோது மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து சொன்னாள்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லைனிங் துணி வாங்க மலைக்கோட்டைப் பக்கம் போயிருந்தாள். அத்தனை வரியையும் அடைப்புக்குறியும் நட்சத்திரக் குறியுமாக ஒரே வரிக்குள் அடக்கினேன். ஓடினால் போதாதா, யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று ஒரு திமிர். ஆபீஸில் காட்டினேன், சபாஷ் போட்டார்கள்.

அந்த வாரமே ஜீயபுரத்து அம்மா ஒருவர் 'எல்போ கை' என்று அனுப்ப, ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஒரே வரியில் எங்கே தொடுவது என்று புரியாமல் இவள் எனக்குப் போன் செய்தாள். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் இதற்கென்றே அடிக்கடி போன். வெளியே சலித்துக்கொண்டாலும், என்னைக் கேட்காமல் நடக்காது என்பது உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு போன் வருவது நின்றது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் மாடிக்குப் போனால், போனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அளவாகத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். மெஷின் பக்கத்தில் வெட்டாத துணி குவிந்து கிடந்தது. ரொம்ப நாளாகவே இப்படித்தானாம்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய ஸ்கிரிப்ட் பத்திரமாக இருக்கிறது, இப்போதே திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

அவள் நிமிரவில்லை. கோபமும் இல்லை.

"வேணாங்க. நாளைக்கு நீங்க மறுபடியும் மாத்திடுவீங்க. இந்தத் தாள் என்கிட்டயே இருக்கட்டும்."