பூவம்மாள் பாலாற்றை உறைய வைத்த கதை

ஓரிக்கையில் கலைவாணன் என்று ஒருவன் இருக்கிறான். மில் வைத்திருந்த ஒரு விதவைமேல் பித்தாகி, அவளோடு சிரித்துப் பேசிய பட்டாளத்து அதிகாரியை அந்த மில்லுக்குள்ளேயே வைத்துக் கொளுத்திவிட்டான் என்ற சேதி எனக்கு ரங்கசாமி குளத்து டீக்கடையில் கிடைத்தது. சொன்னவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனந்தராஜ். தீ என்றால் அவருக்குத் தொழில்முறையில் ஒரு அக்கறை உண்டு.

“ஆளு இப்ப எங்க?” என்றேன்.

“ஜாமீன்ல வந்துக்கிறான்பா. செல்போன் கடை வச்சிக்கினு, ஒண்ணுமே நடக்காத மாதிரி டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கினு இருக்கான்.”

எங்கள் ஊரில் குற்றம் நடக்காமல் இல்லை. விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விலைபோகும்; கோயில் வாசலில் பழைய செருப்போடு போனவர் புதுச் செருப்போடு திரும்புவார். ஆனால் காதலுக்காக ஒரு மில்லையே கொளுத்துவது காஞ்சிபுரத்துச் சுபாவத்துக்கு ஒத்துவராத காரியம். இங்கே ஒருவன் ஒருத்திமேல் பித்தானால் அதிகபட்சம் புடவை எடுத்துக் கொடுப்பான். அதையும் தெரிந்த கடையில், தள்ளுபடி கேட்டுத்தான் எடுப்பான். ஆகவே சேதியை நம்பவும் மனமில்லை, விடவும் மனமில்லை. விசாரிக்கக் கிளம்பினேன்.

ஐயம்பேட்டையில், அவன் தீக்குச்சி கிழித்தது உறுதி என்றார்கள். ஓரிக்கைப் பக்கம் கேட்டால், அவனே ஸ்டேஷனுக்குப் போய் ஒப்புக்கொண்டான் என்றார்கள். செவிலிமேட்டில் ஒரு அம்மா, தீர்ப்பே ஆகிவிட்டது, குளிர்ப் பிரதேசத்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள், பாவம் ஸ்வெட்டர் கூட இல்லையாம் என்று வருத்தப்பட்டார். ஐயம்பேட்டையிலிருந்து செவிலிமேட்டுக்குப் போகப்போக வழக்கு முன்னேறிக்கொண்டே போனது. நம் நாட்டில் எந்த வழக்கும் இந்த வேகத்தில் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

ஓரிக்கையில் மூடிக்கிடக்கும் பழைய அரிசி மில் ஒன்று உண்டு. அதன் பின்சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. சேதி நிஜம்தானோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. காவலுக்கு இருக்கும் வீராசாமியைக் கேட்டேன்.

“அது நெல்லு அவிக்கிற பாய்லர் பொகை, சார். நான் பொறக்கறதுக்கு முன்னாலருந்தே கறுப்பு. ஒரு வாரமா வர்றவன் போறவனெல்லாம் அந்தச் செவுத்தாண்ட நின்னு செல்ஃபி எடுத்துக்கினு போறான்.”

“உள்ளே யாராவது செத்தார்களா?”

“ரெண்டு பெருச்சாளி.”

குற்றவாளியைச் சந்திப்பது சுலபமாக இருந்தது. கடை திறந்திருந்தது. கலைவாணன் ஒல்லியான பையன், முப்பது இருக்கும். ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டி யாருடைய போன் வயிற்றையோ கிளறிக்கொண்டிருந்தான். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் லென்ஸைக் கழற்றி வைத்தான்.

“நீங்களும் செல்ஃபியாண்ணா?”

பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருமுக்கூடலில் முனிரத்தினம் என்பவர் மகள் தேவிப்ரியாவை அவனுக்குப் பேசி, தாம்பூலம் மாற்றி, ஆவணிக்கு முகூர்த்தம் பார்த்திருந்தார்கள். இந்தச் சேதி போனபிறகு பெண் வீட்டில், கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்கள். பெண்ணும் போனை எடுப்பதில்லை.

“நா யாரயும் கொளுத்தல, சரி. கொளுத்தலன்னு யாரண்ட போயி சர்டிபிகேட் வாங்கறது?” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு திகைப்புதான் இருந்தது. எனக்கு அவனைப் பிடித்துப்போனது. கொலைகாரனைப் பார்க்க வந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமும்தான்.

சேதியை யார் திருமுக்கூடலுக்குக் கொண்டுபோனது என்று இருவருமாகத் தேடினோம். தேவிப்ரியாவின் சித்தி மகள் திரிஷா, ஐயம்பேட்டை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள். கேட்டதும் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

“எங்க கம்பெனி பஸ்ல பூவம்மாக்கா சொன்னாங்க. ஓரிக்கை, பாலாத்தங்கர, மில்லு, கலைவாணன். தீப்பெட்டிய எடுத்தான், குச்சியக் கிழிச்சான். அதுக்குள்ள என் ஸ்டாப் வந்துடுச்சு. மறுநாள்லருந்து எனக்கு ஷிப்ட் மாறிடுச்சு.”

அணையாத தீக்குச்சியோடு வீட்டுக்குப் போன பெண் என்னதான் செய்வாள்? அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பூவம்மாளின் வீடு செவிலிமேட்டில், புது வீடுகளுக்குப் பின்னால், பழைய காலனியின் கடைசித் தெரு. ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். யாரும் மிதிக்காத தரையை நாள் முழுக்கத் துடைப்பதாகச் சொன்னார். அவருடைய அப்பா சாயப்பட்டறையில் பட்டு நூலை முக்கி எடுக்கும் வேலை செய்தவர், சிவப்புக் கட்சிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. கட்சிப் புத்தக வேன் தேரடிக்கு வந்தால், ருஷ்ய நாட்டிலிருந்து தமிழில் அச்சாகி வந்த கதைப் புத்தகங்களில் எது தடியாக இருக்கிறதோ அதை வாங்குவார். கட்டை அட்டை, வழவழ தாள். எடைபோட்டுப் பார்த்தால் கத்தரிக்காயைவிட மலிவு. உழைக்கும் மக்களின் ராஜ்யத்தைப் பற்றி இருக்கும் என்று நம்பி, எட்டாவது படித்த மகளை வாசிக்கச் சொன்னார். மகள் வாசித்தாள். உள்ளே ஒருவரும் உழைக்கவில்லை. எல்லோரும் காதலித்தார்கள், கடன் வாங்கினார்கள், குத்திக்கொண்டார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள்.

“எங்கப்பா கேட்டுக்கினே இருந்தாரு. ‘எப்பம்மா புரட்சி வரும்?’னுவாரு. ‘அடுத்த அத்தியாயத்துல வரும்பா’ன்னு நா சொல்லுவேன்.”

அப்படி வந்த மூன்று தடிப் புத்தகங்கள் இன்றும் டிவிக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும் பாதையில் அவற்றைத்தான் நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். வாலாஜாபாத் தாண்டியதும் தொடங்கும். அன்றைய பங்கில் ஐயம்பேட்டைக்காரிகளுக்குக் கால்வாசி, ஓரிக்கைக்காரிகளுக்கு முக்கால்வாசி, செவிலிமேட்டுக்காரிகளுக்கு முழுசு. டிக்கெட் இல்லாத பஸ்ஸில் தூரத்துக்கேற்ற கதை. அவரவர் வீட்டில் போய்ச் சொல்லச் சொல்ல, கதை சேதியாகிவிட்டிருக்கிறது. வழக்கு ஏன் ஊருக்கு ஊர் முன்னேறியது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

“சரிக்கா, இந்த ஓரிக்கை எப்படி உள்ளே வந்தது?”

“அந்த ருஷ்யாக்கார ஆளுங்களுக்கு ஆளுக்கு மூணு பேரு, சார். அம்மா ஒண்ணு கூப்புடுவா, பொண்டாட்டி ஒண்ணு கூப்புடுவா, போலீஸ்காரன் வேற ஒண்ணு. ஷிப்ட் முடிச்சு வர்ற பொண்ணுங்க தூங்கிடுது. அதான் நம்ம பேரா வச்சேன். ஆத்தங்கர மில்லுன்னா ஓரிக்க. ஆறு ஒறஞ்சி கெடக்கும், வண்டி மேலயே ஓடும். ஒரு பொண்ணு, ‘யக்கா, பாலாத்துல தண்ணியே இல்ல, ஐஸ் எங்கருந்து வந்துச்சு’ன்னா. கதைக்கு வந்துச்சுடி, கம்னு கேளுன்னேன்.”

பூவம்மாள் கவனமானவர். பெயர் வைக்கும் முன் பஸ்ஸில் உரக்கக் கேட்பாராம்: இந்தப் பேரில் யாருக்காவது அப்பன், அண்ணன், தம்பி, புருஷன் உண்டா? அன்றைக்குக் கலைவாணன் என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. ஓரிக்கைப் பெண்கள் இருவருக்குக் கலைவாணனை நன்றாகத் தெரியும். அவர்கள் போனைச் சரிசெய்பவனே அவன்தான். ஆனால் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் மௌனம்தான். தெரிந்தவன் பெயரில் கொலை நடப்பது இன்னும் ருசியாக இருந்திருக்கிறது. திரிஷாவோ அந்தக் கேள்விக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவள். அவள் இருந்திருந்தாலும், வரப்போகும் மாமா என்ற உறவைப் பூவம்மாள் பட்டியலில் சேர்க்கவில்லை.

விஷயத்தை முழுக்கக் கேட்டதும் பூவம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு கலைவாணனை நிமிர்ந்து பார்த்தார்.

“நீதானா? நா மீச வச்ச ஆளா நெனச்சிக்கினு இருந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் திருமுக்கூடல் போனோம். பூவம்மாள் மடியில் புத்தகம். முனிரத்தினம் விவசாயி, வரும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் யோசனையில் இருப்பவர். கொலைகாரனின் மாமனார் என்று எதிர்க்கட்சி போஸ்டர் அடிக்கும் என்பது அவர் கவலை. அவர் மனைவி சுகாசினி தண்ணீர் கொடுத்தார்; கலைவாணனுக்குக் கொடுக்கும்போது மட்டும் தள்ளி நின்று கையை நீட்டிக் கொடுத்தார். தேவிப்ரியா கதவருகே நின்றாள்.

பூவம்மாள் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். “இது கதபா. இங்க பாரு, இதான் அவன் நெசப் பேரு. படிச்சிப் பாரு.”

முனிரத்தினம் முயன்றார். பாதிப் பெயரிலேயே இருமல் வந்தது. “சரிம்மா, புக்குல இருக்குது. நடக்காததயா இம்மாந் தண்டிக்கு எழுதுவான்? எங்கயோ நடந்துதானே எழுதியிருக்கான்?”

“நடந்திருந்தா அங்க நடந்திருக்கும். ஓரிக்கையில எங்க?”

“முழுசா சொல்லும்மா. கேட்டுட்டு நாங்க முடிவு பண்றோம்.”

பூவம்மாள் சொன்னார். மில் கணக்குப்பிள்ளை ஒருவன். சம்பளம் கம்மி, யோசனை ஜாஸ்தி. மில்லுக்காரி ஒரு நாள் அவன் கையைப் பிடித்துச் சிரித்துவிடுகிறாள். அந்த ஒரு சிரிப்பை வைத்து அவன் வருஷக்கணக்காகப் பிழைக்கிறான். ஒரு குளிர்காலத்தில் பட்டாளத்தான் மணி கட்டிய வண்டியில் வருகிறான். அவனைப் பார்த்தும் அதே சிரிப்பு. கணக்குப்பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பனியில் நின்று ஜன்னலைப் பார்க்கிறான். கடைசியில் வைக்கோல், தீக்குச்சி. சந்தேகம் வேறொருவன்மேல் விழுகிறது. இவன் தப்பித்துவிட்டான், ஆனால் தப்பித்ததுதான் தாங்கவில்லை. தானாகப் போய் ஒப்புக்கொள்கிறான்.

உள்ளே சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. சுகாசினி எழுந்திருக்கவில்லை.

“பண்ணது தப்புதான். ஆனா அந்தப் பொம்பள அப்புடி ரெண்டு பேரண்டயும் சிரிச்சிருக்கக் கூடாது” என்றார் முனிரத்தினம், கண்கள் கலங்க.

“சிரிச்சதுக்கு ஒரு ஆள உயிரோட கொளுத்துவியாபா நீ?” என்றார் பூவம்மாள்.

முனிரத்தினம் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேட்பாளர்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் பழகிக்கொள்வது நல்லதுதான்.

தேவிப்ரியா கதவைவிட்டு முன்னால் வந்தாள். “மில்லு கத பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும்பா. அன்னைக்கே நம்பர் தேடிப் புடிச்சி, மில்லு காவலுக்கு இருக்கற வீராசாமித் தாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்.” பிறகு கலைவாணனைப் பார்த்தாள். “ஆனா அவ்ளோ பேரு பேசினாங்க, ‘சேச்சே, அவன் அப்புடிப்பட்ட ஆளில்ல’ன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. அதான் பயந்துட்டேன். இப்ப நீங்களே சொல்லுங்க. எனக்கு வேற யாரயாச்சும் புடிச்சிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் மெனக்கெட்டு யோசித்தான். நல்ல வசனம் ஒன்று கிடைக்கும் என்று நான் காத்திருந்தேன்.

“ரெண்டு நாளு கடையத் தொறக்க மாட்டேம்மா” என்றான். “அப்பறம் தொறந்துதானே ஆவணும். ஜனங்க போனு குடுத்து வச்சிருக்காங்க.”

பூவம்மாள் சட்டென்று புத்தகத்தை மூடினார். அவர் கணவர் பழனி, பல வருஷம் முன்பு ஆற்காட்டுப் பக்கம் இன்னொருத்தியோடு போனவர், திரும்பவில்லை. இதை வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். “அந்தாளு போனப்ப நா ஒரு குச்சி கிழிக்கல, சார். ரெண்டு நாளு ஒல வக்கல. மூணாம் நாளு பசிச்சுது. அதுலருந்துதான் இந்த புக்குங்கள மறுபடி எடுத்தேன். கொளுத்தறவங்களுக்கு என்னதான் ஆவுது, எனக்கு ஏன் ஆவலன்னு பாக்கத்தான். இன்னும் பாத்துக்கினுதான் இருக்கேன்.” அதைச் சொன்னபோது கலைவாணன் டிரைவர் பக்கத்தில், ஹார்ன் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்; அவன் காதில் விழுந்திருக்க வழியில்லை.

“பையன் சரிதாம்மா” என்றார் பூவம்மாள், தேவிப்ரியாவிடம்.

“தெரியுதுக்கா” என்றாள் அவள். அடிப்பிடித்த சோற்றையே எல்லோருக்கும் போட்டார்கள். இந்த முறை கலைவாணனுக்கு சுகாசினி பக்கத்தில் வந்து பரிமாறினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கம்பெனி பஸ்ஸில் பாதி வந்திருந்தது. மணமேடையில் உட்கார்ந்தபடியே கலைவாணன் பூவம்மாளைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டான்: எந்த பஸ்ஸில் அவன் பெயர் கெட்டதோ, அதே பஸ்ஸில் அதே பெயரை ஒரு நல்லவனுக்கு வைத்து இன்னொரு கதை சொல்ல வேண்டும். யாரையும் கொல்லாமல், தானும் சாகாமல், கல்யாணம் செய்து சௌக்கியமாக இருப்பவனாக இருக்க வேண்டும். பூவம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். யார் தலை என்பதை நான் கவனிக்கவில்லை.

போன வாரம் டிஸ்பிளே மாற்ற அவன் கடைக்குப் போயிருந்தேன். பூவம்மாளும் சார்ஜர் வாங்க வந்திருந்தார்.

“யக்கா, என் கத என்னாச்சு?”

“தேடிக்கினுதான்டா இருக்கேன். ரெண்டாவது புக்குல ஒருத்தன் தங்கமான மனுசன். பேர வச்சிடலாம்னு பாத்தேன். பாதியில சூதாட ஒக்காந்துட்டான்.”

“மூணாவதுல?”

“அதுல ஒரு டாக்டர் வரான். குடி இல்ல, கோவம் இல்ல. நேத்துதான் அவனுக்கு இருமல் ஆரம்பிச்சிருக்குது. கொஞ்சம் பொறு, என்னா ஆவுதுன்னு பாக்கலாம்.”