எந்தப் புத்தகத்திலும் இல்லாத விசில்

மழையில் நனைந்து பிறகு வெயிலில் காய்ந்த அட்டைக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த மாவையும் பழைய துணியையும் ஒன்றாக மூடி வைத்தது போல இருக்கும். அந்த வாசனையோடுதான் என் அண்ணன் காஜா ஒருநாள் ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். தாராவியில் பழைய காகிதம் பிரிக்கிற ஒரு “ரத்தி” கிட்டங்கியில் அவன் அப்போது வேலை பார்த்தான். செம்பூர், மாட்டுங்கா பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து வரும் மூட்டைகளில் காகிதமல்லாத எதை எடுத்துக்கொண்டாலும் முதலாளி கண்டுகொள்ள மாட்டார். பெட்டியின் மூடியில் ஒரு பூதம், அதன் எதிரே வாளோடு ஒருவன். உள்ளே படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், உருட்டி விளையாடும் காய்கள் சிலவும் கிடந்தன. அந்தக் காய்கள் தாயக்கட்டை போலவும் இல்லை, லூடோ காய் போலவும் இல்லை. ஒன்று நெல்லிக்காய் அளவில், திரும்பிய பக்கமெல்லாம் பட்டையும் பட்டைக்கொரு எண்ணுமாக இருந்தது.

அந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர். நாங்கள் “குகை ஆட்டம்” என்றோம். ஒருவர் கதை சொல்வார். குகை, இருட்டு, பாலம், பூதம் என்று அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக நின்று “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் ஓடுறேன்” என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைக் காய் சொல்லும். பலகையோ கட்டமோ எதுவும் வேண்டாம், வாய்தான் வேண்டும். எனக்கு இல்லாதது அதுதான். நான்காம் வகுப்போடு நின்று வாப்பாவின் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டவன் நான். கடைக்குப் போய் ஒரு சாமானை வாய்விட்டுக் கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் வீடும் வாப்பாவின் தோல்பை பட்டறையும் ஒன்றுதான். கீழே தையல் மிஷின்கள், மேலே ஏணி வைத்து ஏறுகிற பரண், “மாளா”. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு வாப்பா கீழே கண்ணயரும்போது, மேலே நாங்கள் நால்வரும் குரலை அடக்கிக்கொண்டு விளையாடுவோம். கதை சொல்வது காஜா அண்ணன். விளையாடுவது நான், அடுத்த வீட்டுச் செல்வி, மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வரும் பாஸ்கர். செல்வியின் வீட்டாரும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாஸ்கர் மட்டும் இங்கிலீஷ் மீடியம்.

குகைக்குள் வீரர்களுக்கு மந்திரச் சாமான்கள் கிடைக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் அண்ணன் வெட்டிப்போட்ட தோலில் ஒரு துண்டை எடுத்து, வாள் என்றால் வாள் போலவும் போர்வை என்றால் போர்வை போலவும் நறுக்கி, ஓரத்தில் துளை போட்டு நூல் கோர்த்துக் கழுத்தில் மாட்டிவிடுவான். பாஸ்கருக்கு, எதிரி பக்கத்தில் வந்தால் மின்னுகிற வாள். செல்விக்கு, போர்த்திக்கொண்டால் யார் கண்ணிலும் படாமல் போகிற போர்வை. எனக்கு நெடுநாள் எதுவுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் வீரன் ஒரு குழியில் விழுந்துவிட்டான். மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். “கத்துறேன்னு சொல்லுலே” என்றான் அண்ணன். எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டில் கத்துவதற்குக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. செல்வி, “இவன் குழிக்குள்ளயே குடித்தனம் வெச்சிருவான்” என்று சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. குழியின் அடியில் ஏதோ தட்டுப்படுகிறது என்று கதையை நீட்டி, அப்போதே ஒரு தோல் துண்டை விசில் போல வெட்டி என் கையில் கொடுத்தான். “இதை ஊதுனா, நீ நெனைக்கிற ஆளு எங்க இருந்தாலும் உன் முன்னாடி வந்து நிப்பான். ஒரே ஒரு தடவைதான். பாத்து வெச்சுக்கோ” என்றான். அன்றைக்கு நான் அதை ஊதவில்லை. பக்கத்து வேரைப் பிடித்து எப்படியோ ஏறிவிட்டேன். அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு அண்ணன் போய்விட்டான். வாப்பாவுக்கு அவன் கிட்டங்கி வேலை பிடிக்கவில்லை. பட்டறையில் வந்து உட்காரச் சொன்னார்; இவன் முடியாது என்றான். தெருவில் எல்லோரும் பார்க்க வாப்பா அவனைச் செருப்பால் அடித்தார். மறுநாள் காலையில் டீ குடிக்கப் போகிறவன் போலப் போனான், மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அன்றே வாப்பா, “அவன் பேரை இனி இந்த வீட்டுல ஒருத்தரும் எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். உம்மா தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் அவன் கூட்டாளிகளைத் தேடித்தேடி விசாரித்தாள். கல்யாணில் பார்த்ததாக ஒருவன், உல்லாஸ்நகரில் ஒரு ஜீன்ஸ் பட்டறையில் பார்த்ததாக இன்னொருவன். போய்க் கேட்டால் அங்கே யாருமில்லை. வீட்டுக்குள் வந்ததும் உம்மா வாயை மூடிக்கொள்வாள்.

ஆட்டம் சில வாரங்கள் நின்றுபோனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்கர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தான். அவன் அப்பா ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் பியூன். அங்கே ஒரு பெரிய அதிகாரியின் மகன் விளையாடி அலுத்துப்போய்க் கொடுத்ததாம். அதே ஆட்டம்தான், ஆனால் புதிதாக எழுதியது, சட்டங்கள் மாறியிருந்தன. இனி இதன்படிதான் விளையாட வேண்டும், தான்தான் கதை சொல்வேன் என்றான் பாஸ்கர்.

“அப்ப எங்க சாமானெல்லாம்?” என்றாள் செல்வி.

“அதுக்கும் பின்னால போட்டிருக்கு. பழைய சாமானைப் பாத்து, புதுப் புக்குல எது அதுக்குக் கிட்ட வருதோ அதை எடுத்துக்கணும்.”

“அப்ப பர்த்தன்வாலி மாதிரி” என்றாள் அவள்.

பம்பாயில் வளர்ந்தவர்களுக்குப் பர்த்தன்வாலியைச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு வருவாள். பழைய புடவையும் பேண்ட்டும் கொடுத்தால் டப்பாவோ தட்டோ தருவாள். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இல்லாத ஓட்டையையும் கண்டுபிடித்து, எழுந்துபோவது போலப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்து பேரம் பேசுவாள். பழையதைப் புதியதாக மாற்றுவது என்றால் எங்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அதனால் செல்வி துப்பட்டாவைத் தலையில் சும்மாடு கட்டி உட்கார்ந்துகொண்டாள். பாஸ்கர் சோப்பு அட்டையில் புதுச் சாமான்களை எழுதி வெட்டிக் கொண்டுவந்திருந்தான். அவளே கடைக்காரி, அவனே கூடை.

முதலில் பாஸ்கரின் வாள். செல்வி அதைத் தூக்கிப் பார்த்து, “அரே பையா, துரு ஏறிக் கெடக்கு. மின்னுதுங்கிற, எங்க மின்னுது? என் வீட்டு பல்பே இதைவிட மின்னும்” என்றாள். புதுப் புத்தகத்தில் அந்த வாள் மின்னும், ஆனால் அதை வைத்திருப்பவன் பொய் சொன்னால் அணைந்துவிடும். “அப்ப உனக்கு எப்பவும் இருட்டுதான்” என்று சொல்லி மாற்றிக் கொடுத்தாள். அடுத்து அவளுடைய போர்வை. புதுச் சட்டப்படி, அதைப் போர்த்திக்கொண்டு யாரையாவது அடித்தால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுவோம் என்று பாஸ்கர் வாசித்தான். அவள் சும்மாட்டைக் கழற்றி எறிந்தாள். “அடிச்சா தெரிஞ்சிருவேனா? பெறவு எதுக்குலே அது, குளுருக்கா?” எனக்கும் சிரிப்பு வந்தது. பேரம் முடிந்து, வாங்கிய பழைய தோல் துண்டுகளை பாஸ்கர் ஓரத்தில் இருந்த கழிவுத் தோல் மூட்டைக்குள் போட்டான். பழையதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த வியாபாரத்தின் முறை. அப்படியெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை, பழைய சாமான் அப்படியே நம்மிடம் இருக்கும், அதன் சட்டம் மட்டும்தான் மாறும் என்று பாஸ்கர் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து சொன்னது பிற்பாடு. அதற்குள் அந்த மூட்டை குப்பைக்குப் போய்விட்டது. அண்ணன் கையால் வெட்டிய வாளும் போர்வையும் அதோடு போயின.

என் முறை வந்தது. நான் கழுத்திலிருந்து கழற்றவில்லை, கையில் பொத்திக்கொண்டேன்.

பாஸ்கர் தேடினான். விசில் இல்லை; ஒரு கொம்பு இருந்தது. ஊதினால், அந்தச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் உள்ள கூட்டாளிகள் ஓடி வருவார்கள். “இதுதான் கிட்ட வருது” என்றான்.

“சத்தம் கேக்குற தூரத்துக்கா? அது எங்க இருந்தாலும் வரும்லா? இது என்ன மாத்து? புடவையை வாங்கிட்டு ஸ்பூனா குடுக்க?” செல்வி என் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

உல்லாஸ்நகர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ரயிலில் போகும் தூரம் என்று மட்டும் தெரியும். எந்தக் கொம்பின் சத்தமும் அங்கே கேட்காது. அது விளையாட்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அண்ணன் போன நாளிலிருந்து அந்த விசிலை நான் எதற்காக வைத்திருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

பாஸ்கர் பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். முகம் மாறியது. “இதுலயும் இல்ல. அப்படி ஒரு விசிலே இல்ல. காஜாண்ணன் சும்மா சொல்லிருக்காரு.”

“சும்மாவா? மத்ததெல்லாம் மட்டும் அவரு படிச்சா சொன்னாரு? படத்தைப் பாத்துத்தானே சொன்னாரு. அவரு சொன்னா சொன்னதுதான்” என்றாள் செல்வி.

“புக்குலயே இல்லாததை எப்படி மாத்த முடியும்?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செல்விதான் வழி சொன்னாள்: “மாத்த வேண்டாம். இன்னும் பழைய ஆட்டம் முடியலைன்னு வெச்சுக்க. இப்பவே ஊதிரு, சலீமு.”

பாஸ்கர் யோசித்துவிட்டுச் சரி என்றான். பழைய பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தான். “ஊது. யாரைக் கூப்பிடுற?”

குகையில் எத்தனையோ வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெயரைச் சொல்வேன் என்றுதான் அவன் நினைத்திருப்பான். நான் அந்தத் தோல் துண்டை உதட்டில் வைத்தேன். சாயமும் பசையும் கசந்தன. பிறகு, வீட்டில் எடுக்கக் கூடாத அந்தப் பெயரைச் சொன்னேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். தொண்டையில் கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்து, அது கத்தலாக வெளியே விழுந்தது.

“காஜாண்ணே!”

பாஸ்கர் புத்தகத்தைப் பார்த்தான். செல்வி அவனைக் கிள்ளி, “வந்துட்டாருன்னு சொல்லு, சொல்லுலே” என்று கிசுகிசுத்தாள்.

அப்போது ஏணி ஆடியது. வாப்பாவின் தலை மாளாவின் திறப்பில் தெரிந்தது. தூக்கத்தில் தொப்பி கோணிக் கிடந்தது. அடி விழப்போகிறது என்று நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் பாதி ஏணியில் நின்றபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு எங்களுக்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில், மூலையில் தேடினார்.

“எங்க?” என்றார். “வந்துட்டானா?”

அவர் மூலையை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவிக் கீழே இறங்கினார். கீழே உம்மா ஏதோ கேட்பதும், அவர் “ஒண்ணுமில்ல, பிள்ளையோ வெளாடுதுவோ” என்பதும் கேட்டது. போகும்போது பாஸ்கர், என் விசிலை வாங்கிக்கொள்ளாமலே அந்தக் கொம்பு அட்டையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் அதற்குப் பிறகு விளையாடவில்லை. அவர்களும் அதிக நாள் விளையாடவில்லை.

அன்று சாயங்காலமே வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு உல்லாஸ்நகருக்குப் போனார். அதன் பிறகு பல வெள்ளிக்கிழமைகள் போனார். எதற்குப் போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெயரை எடுக்கக் கூடாது என்று அவர் மறுபடி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் எங்களுக்கு எடுக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. மௌத்தாவதற்கு முன், கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இப்போது எங்கள் தெரு இல்லை. புதுக் கட்டடம் கட்டுவதற்காக எல்லாவற்றையும் இடித்துவிட்டு, சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறார்கள். பட்டறை, மாளா, குழாயடி, முனையில் இருந்த டீக்கடை, எதுவும் இல்லை. செல்வி கல்யாணமாகி சான்பாடாவில் இருக்கிறாள். பாஸ்கர் எங்கே என்று தெரியவில்லை. நாங்கள் கோவண்டிக்கு வந்துவிட்டோம். பை தைத்துத்தான் பிழைக்கிறேன். வீடு மாறும்போது உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அவன் வந்தா வழி சொல்ல அங்க யாரு இருக்கா?”

அதனால் மாதத்துக்கு ஒருமுறை சயானில் இறங்கி நடந்து அங்கே போகிறேன். தகரத்தில் ஒரு கதவு, கதவில் ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேன்களை ஏஜென்சிக்காரர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், போகும்போதெல்லாம் புது முகம். நெடுநேரம் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத்தான் எனக்குத் தெருவைக் கடக்கத் தைரியம் வரும். பிறகு என் அரைகுறை இந்தியில் முதலிலிருந்து சொல்ல வேண்டும்: பெயர் காஜா, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், இங்கே முன்பு தோல்பை பட்டறை எங்கே இருந்தது என்று கேட்டு வந்தால், கோவண்டிக்குப் போய்விட்டார்கள், அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

போன முறை இருந்தவர் உத்தரப் பிரதேசத்துக்காரர், என்னைவிடப் பெரியவர். முழுக்கக் கேட்டார். பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கட்டாயம் சொல்கிறேன் பாய் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, தனக்கு இங்கே டியூட்டி மாதக் கடைசி வரைக்கும்தான் என்றார்.