ஷிவலீலா எழுதிய நாற்பத்தொரு சொந்த அனுபவங்கள்

கர்நாடகத்தின் கதக் ஊரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்த நாற்பத்தொரு பேரும் கொடுத்துவைத்தவர்கள். எல்லோரும் ஒரே கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போனார்கள். தாமஸ் என்ற ஒரே ஓட்டுநர்தான் எல்லோரையும் மலையேற்றினார். ஏரியில் படகில் போகும்போது நாற்பத்தொரு பேருடைய தொப்பியும் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. அடுத்த மாதமே அத்தனை பேரும் ஒரு தெருமுனையில் நின்று, ஒரு லாரி ஒரு சைக்கிள்காரரை இடித்துத் தள்ளியதைக் கண்ணால் பார்த்தார்கள். இத்தனை சாட்சிகள் இருந்தும் அந்த லாரிக்காரன் எப்படித் தப்பித்தான் என்பதுதான் ஷிவலீலாவுக்குப் புரியவில்லை.

இதெல்லாம் கரும்பலகையைப் பார்த்துக் காப்பியெடுத்த இங்கிலீஷ் நோட்டில் நடந்தவை. நிஜத்தில் அந்த வகுப்பில் பாதிப் பேர் ஹுப்பள்ளியைத் தாண்டியதில்லை.

ஷிவலீலா தாண்டியிருந்தாள், ஒரே ஒரு முறை, ஒரு கல்யாணத்துக்கு. அவளுடைய அப்பா பெட்டகேரியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். பள்ளிக்கூட கைடுகளையெல்லாம் அடிக்கிற அச்சகம் அது. மை பரவிக் கெட்டுப்போன தாள்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா கௌரவ்வா சோள ரொட்டி தட்டி விற்பவள். ரொட்டியை அந்தத் தாள்களில்தான் சுற்றிக் கொடுப்பாள். அடுக்கி வைக்கிற வேலை ஷிவலீலாவுக்கு. அடுக்கும்போதே படித்துவிடுவாள். இந்தியாவின் பருவமழை, தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம், செய்தித்தாளின் பயன்கள் என்று ரொட்டி வாசனையோடு அவளுக்கு இங்கிலீஷ் ஏறியது. வகுப்பில் அவள்தான் முதல். இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்பது அவள் கணக்கு.

பிப்ரவரியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு மாணவியும் இந்த ஆண்டு இங்கிலீஷ் வகுப்பில் எழுதியதைப் பற்றித் தானே யோசித்து, என்ன கற்றேன், எங்கே தடுமாறினேன், எழுத்து என்னை எப்படி மாற்றியது என்று ஒரு பக்கம் எழுதி பைலில் வைக்க வேண்டும். நல்லதாக ஒன்றை மாவட்ட விழாவுக்கு அனுப்ப வேண்டும்.

இங்கிலீஷ் ஆசிரியர் ஹிரேமட் சார் இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. இருபத்தாறு வருட அனுபவம். சாக்பீஸை எடுத்தார். "நான் சுதந்திரமாகச் சிந்திக்கக் கற்றுக்கொண்டேன். என் எண்ணங்களை என் சொந்த வார்த்தைகளில் எழுதுகிறேன்" என்று இங்கிலீஷில் தொடங்கி கரும்பலகை நிறைய எழுதினார்.

"எல்லாரும் அப்படியே எடுத்து எழுதுங்க. ஒரு வார்த்தை மாறக்கூடாது."

ஷிவலீலா எழுந்து நின்றாள். "சார், சொந்த வார்த்தைன்னு நாப்பத்தியோரு பேரும் ஒரே வார்த்தைய எழுதினா எப்படி சார்?"

"நீ சொந்தமா யோசிக்கிறியா?"

"ஆமா சார்."

"அது பரீட்சைக்கு வராது. உக்காந்து எழுது."

உட்கார்ந்து எழுதினாள். கரும்பலகையில் ஒரு வார்த்தையில் சார் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருந்தார். அவளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை மாறக்கூடாது என்று உத்தரவு. அவளும் கூடுதலாகவே போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை கல்வி அதிகாரி அங்கடி மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் பைலைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினார். பிறகு மளமளவென்று புரட்டி ஒரே ஒரு வார்த்தையை மட்டும் தேடினார். நாற்பத்தொரு பைலிலும் அந்தக் கூடுதல் எழுத்து பத்திரமாக இருந்தது.

"உங்க பொண்ணுங்க ரொம்ப ஒத்துமையா இருக்காங்க சார்," என்றார் அங்கடி மேடம். "சிந்திக்கிறதுகூட ஒண்ணாத்தான் சிந்திக்கிறாங்க. திங்கக்கிழமை திரும்ப வரேன். ஒவ்வொருத்தியும் அவ அவளோடதை எழுதி வெச்சிருக்கணும்."

மேடத்தின் ஜீப் வாசலைத் தாண்டும் முன்பே ஹிரேமட் சாரின் குரல் மாறிவிட்டது.

"யவ்வா ஷிவலீலா, இங்க வா தாயி."

சார் 'யவ்வா' போட்டால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். இந்த முறை வேலை நாற்பது பக்கம்.

"எல்லாருக்கும் நானே எழுதணுமா சார்? அவங்க சொந்த அனுபவத்தையா?"

"அவங்களுக்கு எழுத வராதே யவ்வா. நான் எழுதினா மேடம் என் நடையைக் கண்டுபிடிச்சிடுவாங்க. உன் கைக்குத்தான் நல்ல சொல்லு வரும். நீ எழுது, அவங்க பாத்துக் காப்பி எடுக்கட்டும்."

நல்ல சொல்லு வரும் என்றதில் அவள் விழுந்துவிட்டாள். சார் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதல் மூன்று பேருக்குத் தானே யோசித்து எழுதிப் பார்த்தாள். மூன்றும் ஒன்றுபோலவே வந்தன. மேடம் பிடித்துவிடுவார். வேறு வழியில்லாமல்தான் கேட்கத் தொடங்கினாள். "சொல்லுடி, இந்த வருஷம் இங்கிலீஷ்ல எழுதினதுல உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"எதுவும் இல்ல," என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் பேச்சு வந்தது.

ரத்னா தேசாயி சொன்னாள்: "நான் லீவ் லெட்டர் மட்டும்தான்டி சொந்தமா எழுதுவேன். எனக்கு எப்பவும் காய்ச்சல்தான். நெஜத்துல காய்ச்சலே வந்ததில்ல, வயித்தால போகும். அதுக்கு இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் எழுத முடியுமா மனுஷங்களால? அதான் காய்ச்சல்."

ஷாஹீன் சொன்னாள்: "எங்க அண்ணன் குவைத்துல இருக்கான். அவன் முதலாளிக்கு லீவு கேட்டு நான்தான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேன். கைடுல இருந்த மாதிரி 'உங்கள் கீழ்ப்படிந்த மாணவி'ன்னு முடிச்சிட்டேன். அவன் பாக்காம குடுத்துட்டான். முதலாளி சிரிச்சிட்டு லீவு குடுத்துட்டாராம்."

ஷிவலீலா சிரித்துச் சிரித்து எழுதினாள். ஒருத்தி சொன்னதை இங்கிலீஷாக்கும்போது ரொட்டித்தாள் வாக்கியங்கள் எதுவும் கை கொடுக்கவில்லை. வயிற்றால் போவதைப் பற்றிப் பருவமழைக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாக, தட்டுத் தடுமாறித்தான் போக வேண்டியிருந்தது. இதெல்லாம் ஓர் எழுத்தா என்று அவளுக்கே இளக்காரமாக இருந்தது.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை, மல்லவ்வா வந்தாள். கடைசி பெஞ்சு. பள்ளியின் கபடி அணித் தலைவி. உட்காரவில்லை, நின்றுகொண்டே முழங்கால் புழுதியைத் தட்டினாள்.

"எனக்கும் எழுத்துக்கும் என்னடி சம்பந்தம்? நீயே ஏதாவது போட்டுக்க."

"போட்டா மாட்டிக்குவோம். எழுதும்போது உனக்கு எப்படி இருக்கும், அதைச் சொல்லு போதும்."

"எப்படி இருக்கும்? எதிராளி கோட்டுக்குள்ள போன மாதிரி இருக்கும். தொட்டமா, மூச்சு போறதுக்குள்ள நம்ம பக்கம் ஓடி வந்தமான்னு இருக்கணும். நின்னா அமுக்கிடுவாங்க." கொஞ்சம் யோசித்தாள். "இங்கிலீஷ் என்னை ஒரு தடவை அமுக்கியே போட்டுச்சு."

"எப்போ?"

"நவம்பர்ல, ஜில்லா மேட்ச்சுல. என் சர்டிபிகேட்டுல இங்கிலீஷ் பேருக்கு எல் எழுத்து ரெண்டு. போட்டிக்குக் குடுத்த பாரத்துல ஒரு எல். 'நீ எந்த மல்லவ்வா'ன்னு கேட்டான் அந்த ஆளு. நான்தான் ரெண்டு மல்லவ்வாவும்னு சொன்னேன். எல்லைக் கோட்டுக்கு வெளிய உக்கார வெச்சிட்டான். ரெண்டு பாயின்ட்டுல தோத்தோம்டி. ரெண்டே பாயின்ட். ஒரு ரெய்டுல எடுத்திருப்பேன்."

"பாரத்தை யாரு நிரப்புனது?"

"வேற யாரு? நம்ம ஹிரேமட் சார்தான்."

ஷிவலீலா பேனாவைக் கீழே வைத்தாள். மல்லவ்வா இப்போதுதான் உட்கார்ந்தாள். "வீட்டுக்குப் போயி என் பேரை நூறு தடவை எழுதினேன். இந்த வருஷம் நான் கத்துக்கிட்ட இங்கிலீஷ் அவ்வளவுதான். இதை எழுதாதே, சிரிப்பாங்க."

ஷிவலீலா எழுதினாள். சாரின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். சாரே திருத்தப்போகிற பக்கத்தில் சாரைப் பற்றி எழுதும் அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் இல்லை.

நாற்பதும் முடிந்த பிறகு தன்னுடையதற்கு வந்தாள். இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, முழு வித்தையையும் இறக்கலாம். இறக்கினாள். எழுத்து ஒரு பெருங்கடல், பேனா ஒரு படகு, இலக்கணம் அதன் துடுப்பு. படித்துப் பார்த்தபோது அவளுக்கே மெய்சிலிர்த்தது.

திங்கட்கிழமை அங்கடி மேடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். புதன்கிழமை பைல்கள் திரும்பி வந்தன. ரத்னாவுடையதில், 'படித்துச் சிரித்தேன், உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதியிருந்தார். மல்லவ்வாவுடையது மாவட்ட விழாவுக்குத் தேர்வாகியிருந்தது. அங்கே முதல் பரிசும் அதற்குத்தானாம். அவளே மேடையில் வாசிக்க வேண்டுமாம்.

ஷிவலீலாவின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'எந்த கைடிலிருந்து எடுத்தாய்?'

வகுப்பே அவளைப் பார்த்தது. நாற்பது பேருக்கு எழுதியவள் காப்பி அடித்துவிட்டாள். மானம் போய் வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ்வா, நான் சொந்தமா எழுதினதைப் போயி கைடுன்னு எழுதியிருக்காங்க!"

"கைடு அளவுக்கு எழுதியிருக்கேன்னு சொல்றாங்களோ என்னவோ," என்றாள் கௌரவ்வா, ரொட்டியைப் புரட்டியபடி. "அந்தத் தாள் கட்டை எடு, பத்து ரொட்டி சுத்தணும்."

கட்டைப் பிரித்தாள். நான்காவது தாளில் கடல் இருந்தது. படகு இருந்தது. துடுப்பும் இருந்தது. போன வருடம் எப்போதோ அடுக்கியது, அப்படியே மனதில் படிந்திருக்கிறது. சத்தியமாக அவள் காப்பி அடிக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லும் அவளுடையதில்லை. அந்தத் தாளிலேயே பத்து ரொட்டியையும் வைத்து இறுக்கிச் சுற்றினாள்.

விழா மண்டபத்தில் மாவட்டம் முழுவதும் கூடியிருந்தது. மல்லவ்வாவுக்கு இரண்டு வாரமாகப் பயிற்சி கொடுத்தும் முதல் இரண்டு வரிதான் மனதில் நின்றது. மேடையேறி அந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நின்றாள். தாளைப் பார்த்தாள். தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மீதி படிக்க வரலீங்க. நடந்ததைச் சொல்லிடறேன்."

சொன்னாள். ஒரு எல், இரண்டு எல், எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தது, இரண்டு பாயின்ட். மண்டபம் சிரித்தது, பிறகு அடங்கியது. "பாரத்தை நிரப்பினது எங்க இங்கிலீஷ் சார்தாங்க, அந்தா, பச்சைச் சட்டை," என்று கையை நீட்டியபோது மறுபடி சிரித்தது. ஹிரேமட் சார் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தார்.

"இவ்வளவு நல்லா பேசறியே, இங்கிலீஷ்ல எழுதினது யாரும்மா?" என்று சிறப்பு விருந்தினர் கேட்டார்.

"சொன்னது நானு. எழுதினது ஷிவலீலா. மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. எங்க எல்லாருக்குமே அவதாங்க எழுதினா."

மண்டபம் நீண்ட நேரம் கை தட்டியது. விதிமுறை கை தட்டவில்லை; அடுத்தவர் எழுதிக் கொடுத்ததற்குப் பரிசு கிடையாதாம். முதல் பரிசு முண்டரகி பக்கத்து மாணவி ஒருத்திக்குப் போனது. அவளுக்கு எழுதிக் கொடுத்த வக்கீல் மாமா மேடையேறும் அவசியம் ஏற்படவில்லை.

அங்கடி மேடம் வாசலில் ஷிவலீலாவை நிறுத்தினார். "நாப்பதை நீ எழுதினியா?"

"அவங்க சொன்னாங்க மேடம். நான் இங்கிலீஷ்ல போட்டேன்."

"அந்த நாப்பதையும் நான் பாக்கலைன்னு வெச்சுக்க. உன்னோடதை மட்டும் திரும்ப எழுதி உங்க சார்கிட்ட குடு."

பஸ்ஸில் மல்லவ்வா ஜன்னலோரம் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டு வரக்கூடாதா? பரிசு போச்சே!" என்றாள் ஷிவலீலா.

"நீதானடி மூடியிருந்த வாயைக் கிளறி விட்டே. இப்போ மூடுன்னா எப்படி?" ஒரு பஜ்ஜியை நீட்டினாள். "சார் மூஞ்சியப் பாத்தியா? அது போதும் எனக்கு. ரெண்டு பாயின்ட்டும் வந்தாச்சு."

ஷிவலீலா அன்று மாலையே எழுதினாள். ஒன்பது வரிதான் வந்தது. இந்த வருடம் நாற்பத்தொரு பக்கம் எழுதினேன், நாற்பதில் ஆட்கள் இருந்தார்கள், என்னுடையதில் யாரும் இல்லை என்று தொடங்கினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நினைத்திருந்தேன், எனக்குத் தெரிந்தது அச்சகத்தின் இங்கிலீஷ் என்று எழுதினாள். மல்லவ்வா தேர்வானபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது என்று முடித்தாள். எழுத எழுதக் கூச்சமாக இருந்தது. நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

காலையில் ஹிரேமட் சார் அதை மேசையில் வைத்து வேகமாகப் பார்த்தார். இரண்டு இலக்கணப் பிழைகளைச் சரியாகவே திருத்தினார். கடைசி வரிக்கு வந்ததும் 'பொறாமை' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'பெருமை' என்ற பொருளில் வேறொரு சொல்லைப் போட்டார்.

"பைல்ல போயி இதெல்லாம் எதுக்கு யவ்வா? யாராவது படிச்சா என்ன நெனைப்பாங்க?"

ஷிவலீலா குனிந்து மேசையிலிருந்த அவருடைய பேனாவையே எடுத்தாள். அவர் போட்ட சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மறுபடியும் தன் சொல்லை எழுதினாள். ஸ்பெல்லிங்கை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரண்டாவது மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் ஊட்டிக்குப் போக ஒன்பதாம் வகுப்பு காத்திருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.